எண்ணெய் பட்ட கால்கள்

என் அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய துணியில் சுற்றி ஒரு ஜோடி செருப்பு வைத்திருக்கிறேன். பழுப்புத் தோல், கட்டைவிரலுக்கு ஒரு வளையம், மேலே சின்னதாக ஒரு பூத்தையல். என் ஓரகத்தியின் கல்யாணச் செருப்பு என்று கேள்விப்பட்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் ஆசையாக எடுத்துப் பார்ப்பார்கள். கல்யாணச் செருப்பு என்பது உண்மைதான். ஆனால் அதைப் போட்டுத் தேய்த்தது கல்யாணப் பெண் அல்ல. குதிகால் பக்கம் பிதுங்கி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறதே, அது எங்கள் மாமியார் ராயபுரம் முழுக்க நடந்து தேய்த்தது.

நான் அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. முதல் வாரத்திலேயே மாமியாரின் தனி வேதபாடத்தைக் கற்றுக்கொண்டேன். மாதா கோயிலில் சொல்லிக்கொடுப்பது ஒன்று, இவர் சொல்வது ஒன்று. வெள்ளைக்காரச் சாமியாரின் அங்கியில் முப்பத்து மூன்று பொத்தான்கள், ஆண்டவர் பூமியில் இருந்த வருஷக் கணக்கு. அதில் ஒன்று உதிர்ந்து, அது நம் கையில் கிடைத்தால் ஆயுசுக்கும் பல்வலி கிடையாது. (ஒரு பொத்தான் அவருடைய சுருக்குப்பையில் வெற்றிலைக்கு நடுவே இருந்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் முறைப்பார்.) சாமியார் குடையை விரித்து வந்தால் வீடு மந்திரிக்க வருகிறார், மடக்கிக் கையில் வைத்து வந்தால் யாருக்கோ முடிந்துவிட்டது. தெருப்பிள்ளைகளிடம் இன்னும் பெரிய சங்கதி இருந்தது. சாமியாருக்குக் கால்களே இல்லையாம். தரையைக் கூட்டும் அந்த அங்கிக்குள் இரண்டு பூட்ஸ் மட்டும்தான் நடக்கிறதாம். மாமியார் இதை மறுக்கவில்லை. "யாரு கண்டா?" என்பதோடு விட்டுவிடுவார். எனக்குச் சிரிப்பு வரும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

என் கொழுந்தன் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரத்தில் வேலை பார்த்தான். அடுத்த தெருவில் வலை பின்னும் வீட்டுப் பெண்ணை அவனுக்குப் பேசி முடித்தார்கள். முடித்தார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. அவன் ஒரு வருஷமாக வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகச் சுற்றித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குச் சன்னிக் காய்ச்சல் கண்டது. பதினெட்டாம் நாள் நினைவு தப்பி, வைத்தியர் கையை விரித்துவிட்டார். சாமியார் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். சாகக் கிடப்பவர்களுக்குச் செய்கிற அவஸ்தைப்பூசுதலைச் செய்தார். கண், காது, மூக்கு, வாய், கை, கடைசியில் இரண்டு பாதங்கள் என்று எண்ணெய் தொட்டு வைத்துச் செபித்தார். கொழுந்தன் வாசலில் சுவரைப் பார்த்து நின்று அழுதான். மறுநாள் காலையில் அந்தப் பெண் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றாள்.

தெருவே கொண்டாடியது. எங்கள் மாமியார் மட்டும் கொண்டாடவில்லை. அவஸ்தை பூசப்பட்டவர்கள் பிழைக்கக் கூடாது என்பதல்ல, பிழைத்த பிறகு அவர்கள் நம்மைப் போன்றவர்கள் அல்ல என்பது அவருடைய கணக்கு. "அவ பாதி அங்க போய்ட்டு வந்தவடா. எண்ணெ பட்ட காலு மண்ணுல படக் கூடாது. பட்டா வூடு வெளங்காது. ஓலைய நிறுத்தச் சொல்லு" என்று கொழுந்தனிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். என் கணவர் பேசிப் பார்த்தார், நான் பேசிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அம்மா சம்மதம் இல்லாமல் தாலி கட்டுகிற துணிச்சல் கொழுந்தனுக்குக் கிடையாது. அவள் இல்லாமல் இருக்கிற துணிச்சலும் கிடையாது. நான்கு நாள் சரியாகச் சாப்பிடாமல் வேலைக்குப் போய் வந்தான்.

ஐந்தாம் நாள் மாலை ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தான். மாதவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் அவனுக்கு ஒரு தோஸ்து இருந்தான். அவனிடம் சொல்லிச் செய்து வாங்கிய இந்தச் செருப்பை அம்மாவின் முன்னால் வைத்தான். அந்த நாளில் எங்கள் தெருவில் எந்தப் பெண் காலிலும் செருப்பைப் பார்க்க முடியாது. "இன்னாடா இது?" என்றார் மாமியார். "எண்ணெ பட்ட காலு மண்ணுல படக் கூடாது, அவ்ளோதானம்மா? படாது. இத்தப் போட்டுகினு வருவா. பேஜார வுடு" என்றான் கொழுந்தன். மாமியார் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய சட்டத்தில் எங்கே ஓட்டை விழுந்தது என்று அவருக்கே பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினார். நான் அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்து முடித்துவிட்டு, அடுப்பு மூட்டிக் கொழுந்தனுக்குப் பிடித்த நெத்திலி வறுத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் பெண் செருப்புப் போட்டுக்கொண்டே தெருவில் நடந்து வந்தாள். காய்ச்சலில் கொட்டிய தலைமுடி இன்னும் சரியாக வளரவில்லை, முக்காடு மட்டும் கம்பீரமாக இருந்தது. கோயில் வாசலுக்கு வந்ததும்தான் யாரும் யோசிக்காத ஒன்று எங்கள் எல்லாருக்கும் உறைத்தது. கோயிலுக்குள் செருப்போடு போக முடியாது. மாமியார் படியில் குறுக்கே நின்றுவிட்டார். "கயட்டாம போனா கோயிலுக்கு அவமரியாத. கயட்டினா எண்ணெக் காலு கோயில் தரையில படும். நான் இன்னா பண்ணட்டும்?" என்று கேட்டபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வீம்பு இல்லை, நிஜமான பயம். கொழுந்தன் முகம் வெளுத்துப்போனது. பெண் மட்டும் நிமிர்ந்து நின்றாள். "நான் செத்துப் போகல அத்தே. உள்ள போய்த்தான் நிப்பேன்" என்றாள். ஆனால் மாமியாரைத் தாண்டி ஒரு அடியும் வைக்கவில்லை.

நேரமாகிறதே என்று சாமியார் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். கோபித்துக்கொள்வார் என்று எல்லாரும் ஒதுங்கினோம். அவரோ பூசை உடுப்போடு அந்தப் படியிலேயே உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். ஒரு பூட்ஸ் கழன்றது. கறுப்புக் காலுறையில் ஒரு ஓட்டை, அதன் வழியே வெள்ளை வெளேரென்று ஒரு கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. "ஐ! சாமிக்குக் காலு கீது!" என்று ஒரு வாண்டு கத்தியதும் தெருவே சிரித்தது, சாமியாரும் சிரித்தார். காலுறைகளையும் உருவிப் போட்டு, வெறுங்காலைக் கோயில் படியில் ஊன்றிக்கொண்டு அவருடைய புத்தகத் தமிழில் சொன்னார்: "அம்மா, நான் இந்தத் தேசத்துக்கு வந்த முதல் வருஷமே சன்னியில் விழுந்தேன். எனக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார்கள். இதோ, இந்தப் பாதங்களிலே எண்ணெய் பூசினார்கள்."

மாமியார் குனிந்து அந்தப் பாதங்களை உற்றுப் பார்த்தார். "அப்போ இந்தக் காலோடதான் இத்தினி வருசமா கோயில்ல நின்னு எங்களுக்குப் பூசை வெச்சிகினு கீறீங்களா?" என்று கேட்டார். சாமியார் ஆமாம் என்று தலையாட்டினார். மாமியார் நிமிர்ந்து கோயிலின் கோபுரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், எங்களையெல்லாம் பார்த்தார். எதுவும் இடிந்து விழவில்லை. சட்டென்று சாமியாரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, புது மருமகள் பக்கம் திரும்பி, இத்தனை நேரம் தாமதம் செய்தது அவள்தான் என்கிற மாதிரி ஒரு அதட்டுப் போட்டார். "இன்னாடி நின்னுகினே கீற? செருப்பக் கயட்டு, சாமி காத்துகினு கீறாரு!" அன்றைக்குச் சாமியார் வெறுங்காலோடுதான் தாலியை மந்திரித்தார். ஓரகத்தி பிறகு அந்தச் செருப்பைப் போடவே இல்லை. பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

எட்டு வருஷம் கழித்து மாமியார் நோயில் விழுந்தார். அதே சாமியார், தாடி நரைத்து, அதே குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு வந்து எண்ணெய் பூசினார். நான்காம் நாள் மாமியார் கஞ்சி கேட்டார். எழுந்து உட்கார்ந்தார். ஆனால் கட்டிலிலிருந்து கால்களைத் தொங்கவிட்டவர் தரையில் வைக்கவே இல்லை. "சாமி வெச்சாரு, அவரு சாமி. நீ சின்னப் பொண்ணு, பாவம் அறியாதவ. நான் அப்டியா?" என்று ஓரகத்தியைப் பார்த்து முணுமுணுத்தார். ஓரகத்தி உள்ளே போனாள். பெட்டியைத் திறந்து செருப்பை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து அவர் காலில் மாட்டிவிட்டாள். மாமியார் அவள் தலையில் கையை ஊன்றி எழுந்து நின்றார். அன்றிலிருந்து ஆறு வருஷம், மீன் வாங்கவும் சண்டை போடவும் அந்தச் செருப்பில்தான் போய் வந்தார். எனக்கு அவர் மேல் அளவில்லாத பிரியம் வந்தது அந்த ஆறு வருஷத்தில்தான். அவர் போன பிறகு செருப்பை நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது அதற்குப் பேர்கூட மாறிவிட்டது. நோயில்பூசுதல் என்கிறார்கள். போன மாதம் கோயிலில் வயதானவர்களையெல்லாம் வரிசையில் உட்காரவைத்து எண்ணெய் தொட்டு வைத்தார்கள். இருமல்காரர்கூட முண்டியடித்து உட்கார்ந்தார். முட்டிவலிக்காக நானும் என் ஓரகத்தியும் போயிருந்தோம். இந்தக் காலத்தில் நெற்றியிலும் கையிலும் மட்டும்தான் பூசுகிறார்கள், பாதத்தில் இல்லை. திரும்பும்போது ஓரகத்தி, "அக்கா, ஓடிப்போய் உன் அலமாரிலேர்ந்து செருப்ப எடுத்தாரட்டா?" என்று கேட்டாள். வழி நெடுக இரண்டு கிழவிகளும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

மறுநாள் விடியற்காலையில் கட்டிலிலிருந்து எழுந்து கால்களைத் தொங்கவிட்டேன். தரை சில்லென்று இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கையை நீட்டி அலமாரியைத் திறந்து, அந்தத் துணியைப் பிரித்தேன். மாமியார் கால் பட்டு விரிந்த செருப்பு எனக்குச் சரியாக இருந்தது.