உரல் நிறையாத மழை

புதுச்சத்திரம் தாண்டியதும் பஸ் கொதித்து நின்றுவிடுகிறது. சாலையோரம் பதினைந்து குடிசைகள். ஊர்ப்பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. புரட்டாசியிலும் செம்மண் வெடித்துக் கிடக்கிறது; கிழக்கே கொல்லிமலைமேல் மட்டும் மேகம் கறுத்திருக்கிறது.

குடத்தோடு வந்த ஒரு பெண் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, எனக்கும் ஒரு சொம்பு தருகிறாள். தெரு நடுவே திறந்து கிடக்கும் கல்லுரலைக் காட்டுகிறாள்.

“மழையில அது நெறஞ்சாத்தானுங்க ஏர் பூட்டுவோம். ஆடியிலிருந்து சொட்டு விழுகலீங்க.”

உரலுக்குள் காய்ந்த சருகு.

என்னோடு பஸ்ஸில் வந்த தாலுகா குமாஸ்தா சிரிக்கிறார். “மழைமானி இருக்கிறது மலையடி சேந்தமங்கலத்துல; அங்கே நல்ல மழை. உங்களுக்குத் தனிக் கணக்கு கிடையாதும்மா. இங்கேயும் பேஞ்சதாத்தான் எழுதியிருக்கு. வறட்சின்னு மனுப் போட்டா செல்லாது.”

“ஏனுங்க சாமி, மலையடியில பேஞ்சா எங்க வெள்ளாமக் காடு நனையுமுங்களா?”

அவர் தாகத்துக்கு இரண்டு கைகளையும் குவித்து நீட்டுகிறார். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொள்கிறாள்.

“உங்க கணக்குலதான் மழ பேஞ்சிருக்குதுங்களே. அதுல மோந்து குடிங்க.”

என் சொம்பில் பாதித் தண்ணீர் இருக்கிறது. நான் நீட்டவில்லை.