லைட்டு மலையேறிடுச்சு

அமெரிக்காவில் இருந்த என் அண்ணனுக்கு அன்றைக்கு இதய ஆபரேஷன். பிழைப்பானா என்று டாக்டர்களே உறுதி சொல்லவில்லை. உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் முகம் காட்டுவதாகச் சொல்லியிருந்தான். வேங்கிக்கால் வீட்டில் அம்மா தலைசீவிப் பொட்டு வைத்து, மத்தியானத்திலிருந்தே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம், அவன் வருகிற நேரம் பார்த்து நெட் போய்விட்டது. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்று சும்மாவா சொன்னார்கள்!

மோடத்தில் இரண்டு லைட் எரிய வேண்டும். ஒன்றுதான் எரிந்தது. செல்போனில் கஸ்டமர் கேருக்குப் போட்டால், பாட்டு முடிகிற வழியாக இல்லை. எனக்குக் கொதித்தது. ஒருவழியாக ஒரு பெண் எடுத்து, மேஜைக்கு அடியில் இருக்கும் வயரை ஆட்டிப் பார்க்கச் சொன்னாள். ஸ்பீக்கரைப் போட்டு போனை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தேன்.

"இப்ப ரெண்டாவது லைட் எரியுதாங்கம்மா?"

"மலையேறிடுச்சும்மா."

"யாருங்க ஏறினது? எந்த மலை?"

"எந்த மலையா? லைட்டைச் சொல்றேன்மா. மலையேறிடுச்சு."

விளக்கு அணைந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், அபசகுனம். மலையேறிவிட்டது என்பார்கள். அதுவும் அன்றைக்குப் போய் அம்மா வாயிலிருந்து 'அணைஞ்சுது' என்ற சொல் வருமா? அந்தப் பெண்ணோ, "வீட்ல வேற யார்கிட்டயாவது குடுங்கம்மா" என்றாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. போனைப் பிடுங்கி, "அணைஞ்சுபோச்சுங்க! சுத்தமா அணைஞ்சுபோச்சு!" என்று கத்தினேன். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"மோடத்துக்குப் பின்னாடி போன் வயரைக் கழட்டி, துடைச்சிட்டு மறுபடி சொருகுங்க."

சொருகினேன். லைட் மினுக்கி மினுக்கி நின்று எரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சற்று நேரத்தில் திரையில் அண்ணன், ஆஸ்பத்திரி கவுனோடு. "அம்மா" என்றான். சிரிக்கப் போனான். வாய் பாதியில் அப்படியே நின்றது. மோடத்தைப் பார்த்தேன். மறுபடியும் ஒரு லைட்தான்.

அம்மா அதற்குள் பேச ஆரம்பித்திருந்தாள்; நிறுத்தவில்லை. "பயப்படாதடா கண்ணு. அண்ணாமலையார் பார்த்துப்பாரு. அம்மா இங்கதான் உட்கார்ந்திருக்கேன்" என்று அசையாத அந்த முகத்தோடு பேசிக்கொண்டே போனாள். அவன் காதில் ஒரு வார்த்தைகூட விழவில்லை என்று எப்படிச் சொல்வேன்? கடைசியில் தாங்கமாட்டாமல், "அம்மா..." என்றேன்.

"தெரியும்டி" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ வாயைத் திறக்காத."