உழவு மெசினில் கடல் பார்க்கப் போனோம்

போன கிழமை கொழும்பிலிருந்து அக்காவின் மகள் தொலைபேசியில் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள். அவளோடு அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் வான் பிடித்து வடக்கே வருகிறார்களாம். "மாமா, உங்கட பக்கம் பாக்கக்கூடிய நல்ல கடற்கரை எதெண்டு சொல்லுங்கோ. மூண்டு நாலு காணும்." நான் அப்போது வாய்க்கால் கட்டில் நின்றேன். மண்வெட்டியைக் குத்தி வைத்துவிட்டு இரண்டு தரம் கேட்டேன். உருத்திரபுரத்தில் வயல் செய்கிறவனிடம் கடலைப் பற்றிக் கேட்கிறாள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் குளத்திலிருந்து முறை வைத்து வருவது. முறை தவறினால் சண்டை வரும். கடலுக்கு முறையும் இல்லை, சண்டையும் இல்லை.

குரலில் பதில் சொல்ல எனக்குக் கூச்சம். என் குரலை நானே திருப்பிக் கேட்டால், யாரோ படலையில் நின்று இருமுகிற ஆள் போல இருக்கும். அதனால் எழுதத் தொடங்கினேன். அவளுக்கு நாலைந்து பெயரை அனுப்பிவிட்டேன். மிச்சம் எழுதியது உங்களுக்கு.

யாழ்ப்பாண நகரத்தில் தங்குகிறவர்களுக்குச் சாட்டியும் கசூரினாவும் கிட்ட. கசூரினாவில் எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அதைக் கடல் என்று சொல்ல மனம் வராது. ஆனால் என்னைப் போல நீந்தத் தெரியாதவனுக்கு அதுதான் நல்ல கடல். எங்கள் பக்கம் வந்தால் சுண்டிக்குளம். அங்கே குளிப்பதைவிடப் பறவை பார்க்கலாம். குடிக்கிற தண்ணீரை மறக்காமல் கொண்டு போக வேண்டும், போத்தலை மறக்காமல் திருப்பிக் கொண்டு வரவும் வேண்டும். அலம்பிலில் மணல் பருமன். வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் சிவக்கும், ஆனால் யாரோ விடியற்காலையில் கூட்டிவிட்டுப் போனது போலச் சுத்தமாக இருக்கும். நாயாற்றில் ஆறு கடலில் விழுகிற இடம் அழகு. அழகான இடத்தில்தான் இழுவையும் இருக்கிறது, மணல் திட்டு வெட்டுப்பட்டு ஆற்றின் வாய் திறந்த நாட்களில் அதற்குள் இறங்கக் கூடாது.

இன்னும் ஒரு கரை இருக்கிறது, போர் முடிந்த கரை. அந்தத் தண்ணீரும் நீலந்தான். குளிக்கப் போங்கள் என்று அதன் பெயரை என்னால் எழுத முடியவில்லை. அங்கே போக வேண்டியவர்களுக்கு யாரும் வழி சொல்லத் தேவையில்லை.

கடைசியாக முல்லைத்தீவுப் பட்டினக் கரை என்று எழுதியபோது வெளியே மீன்காரரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பெட்டியைத் திறந்ததும் ஐஸ் தண்ணீரோடு சூடைமீன் மணம் வந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் மீன் மணம். எனக்கு அந்த மணம் வந்தால் உள்ளங்கை எரியும். ஏன் என்று சொல்கிறேன்.

போர் முடிந்து ஊரில் மீளக் குடியேறி நாலாம் வருடம். எனக்கு முப்பத்தி நாலு வயது, கலியாணம் ஆகவில்லை. பெண்கள் இருக்கிற பக்கம் போனால் எனக்கு உடனே சைக்கிளில் ஏதோ பழுது தெரியும். குனிந்து சங்கிலியைப் பார்ப்பேன். இப்படிச் சங்கிலி பார்த்தே வயது போய்விடும் என்று அக்கா பயந்தா. அவாதான் புதுக்குடியிருப்பில் ஒரு இடம் கண்டுபிடித்தா. பெயர் வசந்தி. முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர். தாய் தகப்பன் இல்லை, அண்ணர் வீட்டில் இருந்தார்.

எங்கள் ஆட்கள் பெண் பார்க்க எடுத்தவுடனே வீட்டுக்குப் போக மாட்டார்கள். வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தபிறகு வேண்டாம் என்று சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை இல்லை. ஆகவே ஒரு கோயில் வீதியில் தற்செயலாகக் கண்டுகொள்வது போலக் காணுவார்கள். பிடித்திருந்தால் பிறகு பேச்சு. பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் காணவேயில்லை. அந்த மாதம் தோதான திருவிழா எதுவும் இல்லை. வசந்தியின் அண்ணர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போகிறோம், நீங்களும் அந்தப் பக்கம் வந்தால் காணலாம் என்று சொல்லி அனுப்பினார்.

பெரும்போக அறுவடை முடிந்திருந்தது. விடியவே அத்தானின் உழவு மெசினில் வெளிக்கிட்டோம். தற்செயலாகப் போகிறவர்கள் பின்னால் பூட்டிய பெட்டி நிறைய இருந்தோம். அத்தான், பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய மாமி, ஒரு பானை புளிச்சோறு, இரண்டு கான் தண்ணீர். ஓட்டியது நான். விசுவமடு தாண்டியதும் அக்கா பெட்டியிலிருந்து, சில்லுக்கு மேலே இருக்கிற மட்காட்டுக்கு ஏறி வந்து, மெசின் சத்தத்துக்கு மேலாக என் காதில் கத்தினா.

"உன்னை ஓ.எல். வரைக்கும் படிச்சவன் எண்டு சொல்லியிருக்கிறன். கேட்டா ஓம் எண்டு சொல்லு."

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"படிப்பிக்கிற பிள்ளையடா. அஞ்சாம் வகுப்பெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

உண்மை அதுதான். பதினோராம் வகுப்பில் எடுக்கிற ஓ.எல். பரீட்சையின் பக்கமே நான் போனதில்லை. ஐந்தாம் வகுப்பில் ஐயாவின் கால் ஏலாமல் போனது. மாடுகளோடு யாராவது போக வேண்டும், நான் போனேன். அதைப் பற்றி எனக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. அன்றைக்கு அக்காவின் பொய்யைக் கேட்டபிறகுதான் வெட்கம் வந்தது. படிப்பிக்கிறவரை எத்தனை நாளைக்கு ஏமாற்றலாம்? ஒரு கடிதம் வந்தால் தெரிந்துவிடும். அதற்கு முன்பு நானே சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லவே முடியாதவன் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே முல்லைத்தீவு வரைக்கும் ஓட்டினேன்.

யோசனையில் ஓட்டியதாலோ என்னவோ, கரையில் ஒரு பிழை விட்டேன். பக்கத்து வீட்டு மாமிக்கு நடக்க ஏலாது. பெட்டியில் இருந்தபடியே கடலைப் பார்க்கட்டும் என்று மெசினைத் தண்ணீர் ஓரம் வரைக்கும் இறக்கினேன். காய்ந்த மணலுக்குத்தான் பயந்தேன். ஈர மணலைக் கண்டதும் தைரியம் வந்தது. ஈரத்தில் எத்தனை வருடம் உழுதிருக்கிறேன். வயலில் சேறு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அடியில் ஒரு கட்டித் தரை இருக்கும், சில்லு அதைப் பிடித்துக்கொள்ளும். புதைந்தால் இன்னும் கொஞ்சம் முறுக்கினால் போதும். மெசினை நிறுத்தினேன். ஒரு அலை வந்து சில்லுக்குக் கீழே இருந்த மணலை உறிஞ்சிக்கொண்டு போனது. நான் வயற்காரன், முறுக்கினேன். இன்னும் முறுக்கினேன். அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது.

பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். அவர் நடந்து வந்து, சில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி எந்த ஊர்?"

"உருத்திரபுரம்."

"ம். இது வயல் இல்லை. இதுக்கு அடி கிடையாது."

கயிற்றில் நின்ற ஒருவர், நெல்லு விதைக்கப் போகிறாரா நாற்று நடப் போகிறாரா என்று கேட்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். வசந்தியின் ஆட்கள் ஒரு சவுக்கு மரத்தடியில் நின்று இதையெல்லாம் தற்செயலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெசினை இழுக்கக் கயிறும் ஆளும் தருவதாகச் சம்மாட்டி சொன்னார். ஆனால் வலை பாதியில் நிற்கிறது, முதலில் அது கரைக்கு வர வேண்டும், சுறுக்காக வர வேண்டுமென்றால் எல்லோரும் வந்து கயிற்றைப் பிடியுங்கள் என்றார். எங்கள் பெட்டி முழுவதும் இறங்கியது. மரத்தடியில் நின்றவர்களும் வந்தார்கள்.

கரைவலை பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். வலையைக் கடலில் வளைத்து விட்டிருப்பார்கள். அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு இடத்தில் நின்று இழுப்பார்கள். ஒரு கயிற்றுக்குப் பதினைந்து பேர். எல்லோரும் கடலைப் பார்த்து ஒருவர் பின் ஒருவராக நின்று, இழுத்தபடி பின்பக்கமாக நடக்க வேண்டும். கடைசியில் நிற்கிறவர் மேட்டை அடைந்ததும் கயிற்றை விட்டுவிட்டு, கீழே போய்த் தண்ணீர் ஓரத்தில் முதல் ஆளாகப் பிடிப்பார். ஒரு வட்டம் போல அது நடந்துகொண்டேயிருக்கும்.

எனக்கு முன்னால் வந்து பிடித்தவர் வசந்தி. சுடிதார்ச் சால்வையை இடுப்பில் கட்டியிருந்தார். நான் கண்டது அவருடைய பின்னலை மட்டும்.

"உங்கட மெசினோ?" என்றார். திரும்பவில்லை.

"அத்தான்ர."

"அத்தானுக்குச் சொல்லிட்டீங்களோ?"

"அவரும் அதுக்குள்ளதான் வந்தவர்."

தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று விளங்கியது. கொஞ்சத் தூரம் இழுத்தோம். பிறகு, ஓ.எல். எந்தப் பள்ளிக்கூடத்தில் எடுத்தீர்கள் என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். சங்கிலி பார்க்கச் சைக்கிள் இல்லை. கையில் கயிறு, கண்ணுக்கு முன்னால் ஒரு பின்னல், அதற்கு அப்பால் கடல். முகம் இல்லை. அதனால் சொல்ல முடிந்தது.

"நான் எடுக்கேல்லை. அஞ்சாம் வகுப்போட நிண்டு மாட்டோட போனனான். அக்கா சொன்னது பொய்."

கயிறு போய்க்கொண்டிருந்தது, அவருடைய கால்கள் என்னை நோக்கிப் பின்னால் வந்துகொண்டிருந்தன. என் குதிக்கால் மேட்டில் முட்டியது. இனி நான் கயிற்றை விட வேண்டும். விட்டுவிட்டு, அவரைக் கடந்து, குனிந்த தலையோடு கீழே போய் முதல் ஆளாகப் பிடித்தேன். இப்போது என் முதுகைத்தான் அவர் பார்க்க வேண்டும்.

அடுத்ததாகக் கயிற்றை விட வேண்டியவர் அவர். விட்டதும் இங்கேயும் வரலாம், மற்றக் கயிற்றுக்கும் போகலாம். அங்கேதான் அவருடைய அண்ணி நின்றா. போனால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். யாரும் யாரையும் காணவேயில்லை என்றாகிவிடும். நான் கடலையே பார்த்துக்கொண்டு இழுத்தேன். இரண்டு அலை வந்து போனது. பிறகு பக்கத்தில் ஈர மணலில் கால் சத்தம் கேட்டது. வசந்தி என்னைக் கடந்து வந்து, எனக்கு முன்னால், முழங்கால் தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடித்தார்.

"தொய்யுது. இழுங்கோ."

இழுத்தேன்.

"வாசிப்பீங்களோ?"

"பேப்பர் வாசிப்பன். கொஞ்சம் சுணங்கும்."

"காணும். அக்காவோட நான் கதைக்கிறன்."

வலை வந்தது. பெரும்பாலும் சூடை. அதே கயிற்றை மெசினில் கட்டி முப்பது பேர் சத்தம் வைத்து இழுத்தார்கள், அதுவும் வந்தது. கயிற்றில் கை வைத்த எல்லோருக்கும் கறிக்கு மீன் கொடுப்பது அந்தக் கரையின் வழக்கம். எனக்குத் தந்த மீனை வாங்கும்போதுதான் உள்ளங்கைகள் இரண்டும் உரிந்திருந்தது தெரிந்தது. ஆவணியில் கலியாணம் நடந்தது. வசந்தி அக்காவோடு என்ன கதைத்தா என்பதை இரண்டு பேரும் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அக்கா என்னைப் பற்றிப் புளுகுவதை நிறுத்திவிட்டா.

போன பங்குனியில் நானும் வசந்தியும் பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போனோம். சவுக்குகள் சில நின்றன. கரைவலையும் இருந்தது. ஆனால் வரிசை இல்லை. ஒவ்வொரு கயிற்றுக்கும் மேட்டில் ஒரு உழவு மெசின் நின்றது. பின்னால் பூட்டிய உருளை சுற்றிச் சுற்றிக் கயிற்றை இழுத்தது. கயிற்றை ஒழுங்காக விட ஒரு ஆள், மெசினில் ஒரு ஆள். மெசின் புதையாமல் இருக்கச் சில்லுக்குக் கீழே பலகை போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துவிட்டு வசந்தி என்னைப் பார்த்தா. வலைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். இழுக்க ஆள் கிடைப்பதில்லை, கையும் யாருக்கும் இரும்பில்லை. பார்க்க வந்தவர்கள் தள்ளி நின்று படம் எடுத்தார்கள். வலை வந்ததும் கலைந்து போனார்கள். கறிக்கு மீன் கேட்க யாருக்கும் உரிமை இல்லை, யாரும் கை வைக்கவில்லையே.

வசந்தி கொஞ்ச நேரம் கயிறு போவதைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுது, போவம் என்றா. நான் இன்னும் கொஞ்சம் நின்றேன். அன்றைக்கும் இப்படி மெசின் இழுத்திருந்தால், நானும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்துவிட்டு, ஓ.எல். படித்தவனாகவே வீடு திரும்பியிருப்பேன்.