வலது டேங்க்கில் இருந்த பெட்ரோல்

எங்கள் கிளப்பின் விமானம் என்னைவிட வயதில் மூத்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என இரண்டே இருக்கைகள். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெட்ரோல் டேங்க். அரை மணிக்கு ஒருமுறை கைப்பிடியைத் திருப்பி ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற வேண்டும். கைப்பிடி முன் இருக்கையில் மட்டும்தான் இருக்கிறது. அன்று முன்னால் நான். பின்னால், அந்த இன்ஜினைப் பல வருடமாகப் பிள்ளைபோல் பார்த்துவரும் மெக்கானிக்.

திருவண்ணாமலை என் ஊர். மலை தெரிந்ததும் ஒரு சுற்று வந்துவிட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. நாங்கள் வந்த திசைக்கு, மலையை இடக்கைப் பக்கம் விட்டுச் சுற்றுவதுதான் சுருக்கம். ஆனால் அண்ணாமலையாரை யாராவது இடமாகச் சுற்றுவார்களா? எங்கேயோ விலகிப் போய், மலை வலக்கைப் பக்கம் வரும்படி திருப்பிக்கொண்டேன். அடி அண்ணாமலை கோயிலுக்கு மேலே வந்தபோது ஒற்றைக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். டேங்க் நினைவே இல்லை.

சுற்றை முடித்துக் கீழ்பென்னாத்தூர் பக்கம் போகையில் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"டேங்க மாத்துங்க சார்! டேங்க்!" என்று பின்னாலிருந்து அவர் கத்தியது ஹெட்செட்டில் நன்றாகவே கேட்டது. கை நகரவில்லை. கண்ணில் பட்ட வேர்க்கடலைக் கொல்லையில் இறக்கினேன். சக்கரம் ஒன்று பிய்ந்துபோய், வரப்பில் மோதி நின்றோம். இருவருக்கும் வெறும் சிராய்ப்பு.

கொல்லைக்காரம்மா சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். பிடுங்கும் பதத்தில் இருந்த கடலை நாசமாகிக் கிடந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடி கிடி பட்டுதா தம்பி? இன்னாத்துக்கு இப்டி வந்து உழுந்துச்சு?"

அதற்குள் ஜனம் கூடிவிட்டது. நான் உள்ளூர்க்காரன் என்று தெரிந்ததும் எல்லோர் முகத்திலும் பெருமை. "பழய இன்ஜின்மா, நின்னுபோச்சு" என்றேன்.

அந்த அம்மா, இன்ஜினைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் பக்கம் திரும்பினார். "மிசின பாக்கிறவரு நீங்கதானா? ஒழுங்கா பாக்காம இப்டியா அனுப்புவீங்க? புள்ள உசுரு போயிருந்தா?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் அண்ணாந்து தண்ணீர் குடித்தேன். தாகம் அடங்கிய பிறகும் குடித்துக்கொண்டே இருந்தேன்.

"தப்புதாம்மா" என்றார் அவர்.

விசாரணையில் உண்மையை எழுதிக் கொடுத்தேன். எழுதாமல் என்ன செய்வது, வலது டேங்க் நிறைய பெட்ரோல் இருந்ததே! சில மாதம் பறக்கக் கூடாது என்றார்கள். அது எனக்கு உறைக்கவில்லை. கொல்லையில் நின்ற நிலைதான் உறுத்தியது. வெட்கம் தாங்காமல், அந்த அம்மாவிடமே சொல்லிவிடுவது என்று ஒருநாள் கிளம்பிப் போனேன்.

என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அவித்த கடலையைத் தட்டு நிறைய வைத்தார்.

"அந்த மிசின்காரர வேலய உட்டுத் தூக்கிட்டாங்களா தம்பி?"

"இல்லம்மா."

"நீங்கதான் மன்னிச்சி உட்டுடச் சொல்லியிருப்பீங்க. நல்ல மனசு."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.