மிதந்ததைக் கொட்டிய வசந்தா

பசியாவரத்து வசந்தாவுக்குக் கண் கையில்தான் இருக்கிறது. இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, ஏரித் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றில் ஒளிந்திருக்கும் இறாலைத் தடவியே பிடித்துவிடுவாள். அந்தக் கையை நம்பித்தான் சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரி அம்பிகா அவளைச் சேறு அலசக் கூப்பிட்டாள். ஏரிக்கு அடியில் ஆழமாகக் குழாய் இறக்கி எடுத்த பழைய சேறு அது. பல ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்த பூச்சிகள் அதற்குள் இருக்கும் என்று அம்பிகா உறுதியாக நம்பினாள்.

"செத்த பூச்சிய பொறுக்கறதுக்கு ஒரு வேலையா?" என்று வசந்தாவின் வீட்டுக்காரர் வேணு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு வேறு வேலை இல்லை.

மூன்று நாள் அலசியும் சல்லடையில் சிப்பித் துண்டுதான் மிஞ்சியது. "ஒண்ணுமே இல்லக்கா. நாளைக்குக் கிளம்பறேன். ரெண்டு வருஷ உழைப்பு வீண்" என்றாள் அம்பிகா.

அப்போதுதான் வசந்தாவுக்கு உறைத்தது. இறால் அலசும்போது மேலே மிதக்கும் குப்பையை முதலில் சாய்த்துக் கொட்டுவது அவள் பழக்கம். மூன்று நாளும் வாளியை அப்படித்தான் சாய்த்திருந்தாள், சல்லடைக்குப் போகும் முன்பே. பூச்சி றெக்கை மிதக்காமல் வேறென்ன செய்யும்? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. வேணுவுக்குத் தெரிந்தாலோ ஆயுசுக்கும் சிரிப்பார்.

"தப்பு என்னுதும்மா. மெதந்ததெல்லாம் நான்தான் கொட்டிட்டேன்."

அம்பிகா எழுந்துபோய் ஒரு பெட்டியைத் திறந்தாள். குழாயிலிருந்து வெட்டிய ஒவ்வொரு துண்டுச் சேற்றிலும் பாதியை அலசாமல் எடுத்து வைத்திருந்தாள், புண்ணியவதி!

இந்த முறை வசந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு வாளியைச் சாய்த்து, மிதந்ததை வெள்ளைத் துணியில் ஏந்தினாள். கடுகளவில் ஒரு வண்டின் மேல் றெக்கை. நேற்றுச் செத்த வண்டுபோலப் பச்சையும் நீலமுமாக மினுங்கியது.

"அக்கா! இந்தச் சேறு நாலாயிரம் வருஷத்துக்குக் கொறையாதுக்கா!" அம்பிகா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாயங்காலத்துக்குள் பதினேழு றெக்கை சேர்ந்துவிட்டது. அவற்றைப் போட்ட சின்னப் பெட்டியின் மேல் 'எடுத்தவர்: வசந்தா, பசியாவரம்' என்று அம்பிகா எழுதினாள்.

சேதி கேட்டு ஓடிவந்த வேணு பெட்டியை நோக்கிக் கை நீட்டினார். வசந்தா தட்டிவிட்டாள்.

"யோவ், மொதல்ல சோப்பு போட்டு கை கழுவினு வா. இன்னா அவசரம்? நாலாயிரம் வருஷமா காத்துனு இருந்துச்சு, நீ கழுவினு வர்ற வரைக்கும் இருக்காதா?"

வேணு போய்க் கழுவிவிட்டு வந்தார். வசந்தா அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னொரு தபா கழுவு" என்றாள்.