மன்னாரில் வாங்கிய மலேசியா

கொழும்பிலிருந்து வருகிற பஸ் எங்கள் உயிலங்குளத்தைத் தாண்டித்தான் மன்னாருக்குப் போகும். எட்டு மாதம் கழித்து ஊர் திரும்பிய நான், எங்கள் சந்தி வந்ததையும் போனதையும் யன்னலால் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இறங்கக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.

விமான நிலையத்தில் கிடைத்த இலவச இணையத்தைப் பிடித்து, காலையில் அம்மாவுக்கு அழைத்திருந்தேன். கையில் பஸ் காசு மட்டும்தான் மிச்சம், நேரே வீட்டுக்கு வருகிறேன் என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். உடனே சொன்னார்.

"சந்தியில இறங்கிப்போடாத பிள்ளை. நேர மன்னாருக்கு வா. நான் பஸ் ஸ்டாண்டில நிக்கிறன்."

ஏன் என்று கேட்கத் தெம்பில்லை. அம்மாவோடு வாதாடுவதற்கு வயிற்றில் ஏதாவது இருக்கவேண்டும்.

நான் ஒன்பது வருடம் மன்னாரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கந்தோரில் அறிக்கைகள் தட்டச்சு செய்தவள். வெளியிலிருந்து வந்த நிதி நின்றது, கந்தோரைப் பூட்டினார்கள், போகும்போது ஒரு தொகை தந்தார்கள். அந்தத் தொகைக்கு ஊரில் ஆளுக்கொரு திட்டம் இருந்தது. நகை செய்து வை, கிணற்றைக் கட்டு, முப்பத்தாறு வயதானாலும் பரவாயில்லை, இன்னும் ஒரு மாப்பிள்ளை பார்க்கலாம். நான் ஒரு தோள்பை வாங்கினேன்.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்பது உழைக்கப் போகிற இடம், இல்லாவிட்டால் உயிர் தப்பப் போகிற இடம். சும்மா பார்த்துவிட்டு வருவதற்கு யாரும் போவதில்லை. எல்லைகளில் இருந்த அதிகாரிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். எங்கள் பாஸ்போர்ட்டைக் கண்டதும் வரிசையிலிருந்து விலக்கி ஒரு ஓரமாக நிறுத்துவார்கள். யாரிடம் வேலைக்கு வருகிறாய், யார் அனுப்பினார்கள், திரும்பிப் போக டிக்கெட் எங்கே? எனக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் அரைக் காற்சட்டையோடு சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள். கோயில் பார்க்க வந்தேன், மலை பார்க்க வந்தேன் என்று நான் சொல்லச் சொல்ல, சொல்கிற எனக்கே அது பொய் போலக் கேட்கத் தொடங்கியது.

அம்மா அந்தத் தொல்லையே வேண்டாமென்று முதல் மாதத்திலேயே கதையை முடித்துவிட்டார். மகள் மலேசியாவில் ஒரு கொம்பனியில் கணக்கு எழுதுகிறாள். இரண்டாம் மாதம் தொலைபேசியில் இதைச் சொல்லி, யாராவது கேட்டால் அப்படியே சொல் என்றார். நான் அப்போது நேபாளத்தில், பதினொரு பேர் படுக்கிற அறையில், மேல்தட்டுக் கட்டிலில் கிடந்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன். மறுத்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உண்மையில் மலேசியாவில் நான் இருந்தது கடைசிப் பத்து நாள் மட்டும்தான். அந்தப் பத்து நாளும் பாணும் வாழைப்பழமும் தின்று, கால் வலிக்க நடந்து திரிந்தேன்.

பயணத்தை நான் குறை சொல்லவில்லை. லாவோஸில் ஒரு முழுநாள் ஆற்றில் படகில் போனேன். அன்று என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு நாளுக்காகவே போகலாம். ஆனால் காசு குறையக் குறைய மனிதர் சிறுத்துப் போவது உண்மை. கடைசி இரண்டு மாதமும் எது அழகு என்று பார்ப்பதை விட்டு, எது மலிவு என்றுதான் பார்த்தேன். முகம் கழுவும் தொட்டியில் துணி துவைத்தேன். பக்கத்துக் கட்டில்காரி விட்டுப்போன பிஸ்கட்டை, அவள் திரும்பி வரமாட்டாள் என்று உறுதியானதும் எடுத்துத் தின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, பசியும் இருந்தது.

அம்மா மன்னார் பஸ் ஸ்டாண்டில், கோயிலுக்குக் கட்டுகிற சேலையோடு நின்றார். பக்கத்தில் எங்கோ இரவல் வாங்கிய, சில்லு வைத்த பெரிய பயணப்பை. அதைத் தள்ளிப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கறுத்து, மெலிந்து, அறுந்த செருப்பை நூலால் கட்டியிருந்தேன்.

"இந்தக் கோலத்திலயோ சந்தியில இறங்க இருந்தனி?"

கட்டிப்பிடிப்பார் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதிலாக என் தோள்பையைக் கழற்றி அந்தப் பெரிய பைக்குள் போட்டு மூடினார். கழுதைகள் இரண்டு வழியை மறித்துக்கொண்டு நின்றன. அவற்றை விலத்திச் சந்தைப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன். முதலில் எனக்கு ஒரு செருப்பு. அடுத்தது, தாராபுரத்து முஸ்லிம் நானா ஒருவரின் வெளிநாட்டுச் சாமான் கடை.

அம்மா வாய் திறக்க முதலே நானாவுக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தார், காற்றாடுகிற பையைப் பார்த்தார்.

"எந்த நாடெண்டு சொல்லியிருக்கிறீங்க?" என்று கேட்டார்.

மருந்துக் கடையில், பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்பார்களே, அந்தக் குரல். அம்மா மலேசியா என்றதும், எடுத்து வைத்த சொக்லேட் பெட்டியைத் திரும்பத் தட்டில் வைத்தார். அதில் அரபு எழுத்து இருக்கிறது, சரிவராது என்றார். பேரீச்சம்பழம், அத்தர் எல்லாம் டுபாய், கட்டார் போனவர்களுக்கு. மலேசியாவுக்குக் கோப்பிப் பைக்கற், தலையிடித் தைலம், மணமுள்ள சவர்க்காரம், மஞ்சள் டின்னில் வருகிற பிஸ்கட். விலை ஒட்டிய சீட்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி எடுத்தபடியே கதைத்தார். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போய்ச் சம்பளம் கிடைக்காமல் திரும்புகிற பெண்கள், வீட்டுக்குப் போக முதல் இங்கேதான் வருவார்களாம். சிலருக்குக் கடனாகவும் கொடுத்திருக்கிறாராம். அவர்களோடு சேர்த்து என்னையும் எண்ணிவிட்டார் என்று புரிந்தது. எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. நான் ஏமாந்து வரவில்லை, என் விருப்பத்துக்குப் போய் வருகிறேன் என்று சொல்ல வாய் உன்னியது. அந்தப் பெண்களுக்கு முன்னால் என் விருப்பம் என்ன பெரிய விருப்பம் என்று தோன்றியதும் அடங்கிவிட்டேன்.

திரும்ப பஸ் ஏறி, கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதிப் பாதையைக் கடந்தோம். இரண்டு பக்கமும் கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது. அம்மா என் காதுக்குள் என் உத்தியோகத்தை விளக்கிக்கொண்டு வந்தார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, திரும்பக் கூப்பிடுவார்கள், கொம்பனி நல்ல கொம்பனி, தங்குமிடம் அவர்களே தந்தார்கள். நான் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றபடியே அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன். சந்தியில், ஊரார் பார்க்க, புதுச் செருப்போடும் நிறைந்த பையோடும் இறங்கினேன்.

அடுத்த இரண்டு நாளும் படுப்பதும் எழும்புவதுமாக இருந்தேன். ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் போய்ப் பார்ப்பதும், பார்க்க வந்தவர்கள் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவதும் எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா கணக்காகக் கொடுத்தார். நெருங்கிய உறவுக்குச் சவர்க்காரமும் தைலமும், மற்றவர்களுக்குப் பிஸ்கட். அவர் முகத்தில் நான் பல வருடமாகக் காணாத ஒரு மலர்ச்சி இருந்தது. அப்பா காலமான பிறகு, வயலைக் குத்தகைக்கு விட்டு, ஊரில் யாருடைய நல்லது கெட்டதிலும் ஓரமாகவே நின்ற மனுஷி. இப்போது நடுவில் நின்றார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குச் சோம்பலாகவும் இருந்தது. பொய்யைத் தொடர்ந்து சொல்வதற்கு ஒரு தலையாட்டல் போதும்.

மூன்றாம் நாள் காலை பின்வளவு மாமி வந்தார். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடு. அவருடைய மகளுக்குப் பத்தொன்பது வயது, மன்னாரில் ஒரு தொழிற்பயிற்சி வகுப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மாமி கதிரையின் நுனியில் இருந்தார். பிஸ்கட்டைத் தொடவில்லை. மகளைப் பயிற்சிக்கு விடவில்லை என்றார். பாஸ்போர்ட் எடுத்தாயிற்றாம். வவுனியாவில் ஒரு முகவர் மலேசியாவுக்கு அனுப்பி வைக்கிறேன் என்கிறாராம். முதலில் சுற்றுலா விசா, அங்கே போனபின் வேலை. கூலியாகக் கேட்பது அவர்களுடைய வயல் துண்டின் உறுதிப் பத்திரத்தை.

"உன்னைப் பாத்துத்தான் பிள்ளை எனக்குத் தைரியம் வந்தது. நீ இருந்த கொம்பனியின்ர பேரைச் சொல்லு. நல்ல இடமெண்டு நீ ஒரு சொல்லுச் சொன்னாப் போதும், நாளைக்கே உறுதியைக் குடுத்திடுவன்."

சுற்றுலா விசாவில் வந்து, மாட்டிக்கொண்ட பெண்களை நான் கண்டிருக்கிறேன். மலிவான விடுதிகளின் பின்கட்டில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவர்கள். பாஸ்போர்ட் முதலாளியின் கையில் என்று ஒருத்தி தமிழில் சொன்னபோது, என்ன செய்வதென்று தெரியாமல் மறுநாளே அங்கிருந்து கிளம்பியவள் நான். இதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொன்னால், அந்தச் சவர்க்காரம் எங்கே வாங்கியது என்பதில் போய்த்தான் முடியும். அம்மா குசினி வாசலில் நின்றார். அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"விசாரிச்சுச் சொல்லுறன் மாமி," என்றேன்.

மாமிக்கு அது போதுமாக இருந்தது. நீ விசாரித்தால் சரி என்று சொல்லிக்கொண்டு, நிம்மதியோடு தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார். அப்போது அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இவள் வேலைக்குப் போகேல்ல. ஊர் பாக்கப் போனவள். நான்தான் பொய் சொன்னனான். உனக்குத் தந்த சவர்க்காரம் மன்னாரில வாங்கினது. அந்த உறுதியைக் குடுத்துப்போடாத."

மாமி அம்மாவை நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மற்றவர் சொன்ன பிறகு தலையாட்டுவது சுலபம். ஏன் அக்கா இப்படிச் சொன்னீர்கள் என்று மாமி மெதுவாகக் கேட்டார். கலியாணம் கட்டாத குமர் தனியே ஊர் சுற்றப் போனாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல். மகள் ஒரு மாதமாகத் தொலைபேசியைப் பார்த்து மலாய்ச் சொற்கள் பாடமாக்குகிறாள் என்றார் மாமி. பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போனார். தேத்தண்ணி அப்படியே இருந்தது.

உறுதி அவர்கள் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது என்றும், பெண் பயிற்சிக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்றும் பிறகு அறிந்தேன். அம்மா அவமானப்பட்டது அதற்கு முந்தி. அன்று பின்னேரத்துக்குள் கதை குளக்கட்டைத் தாண்டிவிட்டது. சிரித்தவர்களும் உண்டு, திட்டியவர்களும் உண்டு. ஒரு வீட்டார் தைலப் போத்தலைப் பிள்ளையிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அம்மா அதை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, அரிசியைப் புடைக்கப் போனார்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த ஐந்து பெண்கள் ஒரு ஆட்டோ பிடித்துத் திருக்கேதீஸ்வரம் போவார்கள். அம்மா அந்த ஐந்தில் ஒருவர். அந்த வெள்ளி தலைக்குக் குளித்து, சேலை கட்டி, பூத்தட்டோடு வாசல் படலையடியில் நின்றார். ஆட்டோ வந்தது. வேகம் குறையவில்லை. உள்ளே நாலு பேர் நேரே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். புழுதி அடங்கும்வரை அம்மா படலையைப் பிடித்தபடி நின்றார்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவர் உள்ளே வந்ததும் ஆத்திரத்தில் கத்தினேன். நீங்கள் ஏன் முந்திக்கொண்டு சொன்னீர்கள், ஊர் முழுக்க உங்களைத்தானே இளக்காரமாகப் பார்க்கிறது, என்னிடம் விட்டிருந்தால் நான் எப்படியாவது சொல்லியிருப்பேன் என்றேன்.

"எப்ப?" என்று கேட்டார் அம்மா.

அவர் பூத்தட்டைச் சாமி அறையில் வைத்துவிட்டு வந்தார். குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"பொய் சொன்னது நான்தான், ஓம். ஆனா அவள் உன்னட்டத்தான் வந்து கேட்டவள். நீ வாய் திறப்பாய் எண்டுதான் குசினி வாசலில பாத்துக்கொண்டு நிண்டனான். நீ சொன்னா எனக்கு வெக்கம்தான். எண்டாலும் நீ சொல்லவேணுமெண்டு நிண்டனான் பிள்ளை."

சேலையை மாற்ற அறைக்குள் போனார். களைப்பாக இருந்தது அம்மா, அதனால்தான் என்று சொல்ல நினைத்தேன். வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மாமி வந்த அன்று நான் பத்து மணிநேரம் தூங்கி, குளித்து, அம்மா சுட்ட தோசையில் ஆறு தின்றுவிட்டு இருந்தேன்.