சுவருக்கு வெளியே வெட்டிய குழி

ராஜபாளையத்துக் கத்தோலிக்கக் கோயிலில் உபதேசியார் தவசிமுத்துவிடம் ஞான உபதேசம் படித்தவர்களுக்கு அவர் பிரம்பும் தெரியும், பிடிவாதமும் தெரியும். மில்லில் ஷிப்டு முடிந்ததும் சட்டையில் ஒட்டிய பஞ்சோடு வந்து கேள்வி கேட்பார். அரைச் சொல் பிசகினாலும் விடமாட்டார். பங்குச் சாமியாரே சில நேரம் அவருக்குப் பயப்படுவார்.

1984-இல் அந்தப் பிடிவாதம் ஒரு பச்சைப்பிள்ளையின் தலையில் விடிந்தது.

அதே மில்லில் வேலை பார்த்த சோலைராஜுக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்தது. மூச்சுத் திணறுவதைப் பார்த்து உபதேசியாரிடம் ஓடி வந்தார். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அதைச் சொல்லிக்கொடுத்தவரே தவசிமுத்துதான். ஆனாலும், “சாட்சியா நிக்க ஞானத்தாய் இல்லாம எப்படிலே? ஞானத்தாயா நிக்கப்போற ரத்தினம் ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து வரட்டும். செத்த நேரம் பொறு” என்றார். சோலைராஜ் அந்தச் சொல்லை மீறவில்லை. ரத்தினம் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை, குழிவெட்டும் பேச்சிமுத்து வழக்கப்படி கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே குழியை வெட்டி வைத்திருந்தார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு உள்ளே இடமில்லை. மோட்சமும் இல்லை, லிம்போ என்கிற இடைப்பட்ட இடம்தான். அதையும் சொல்லிக்கொடுத்தவர் தவசிமுத்துதான்.

சோலைராஜ் துணியில் சுற்றிய பிள்ளையைக் கீழே இறக்கவில்லை. “நீங்கதான் பொறுக்கச் சொன்னிய. இப்ப எங்க வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க.”

சாமியார் மதுரைக்குப் போயிருந்தார். இருபது பேர் உபதேசியார் வாயையே பார்த்து நின்றார்கள். அவர், திருச்சபை நம்புவதையெல்லாம் வரிசையாகச் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை மனதுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார். பிதா வந்தார், சுதன் வந்தார், பாவப் பொறுத்தல் வந்தது, உயிர்த்தெழுதல் வந்தது. லிம்போ வரவில்லை. ஞானத்தாயும் வரவில்லை. முப்பது வருஷம் எல்லாவற்றையும் ஒரே பிரம்பால் படிய வைத்தோமே, எது அஸ்திவாரம், எது மேல்பூச்சு என்று ஒரு நாளாவது யோசித்தோமா? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

“தப்பு என்னோடதுலே, சோலை. பிள்ளை உள்ளதான் இருக்கணும்.”

“வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா?” என்றார் பேச்சிமுத்து.

“சாமி கேட்டா நான் பதில் சொல்லுதேன்.”

மண்வெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மனைவி ஞானபாக்கியத்தின் கல்லறைக்குப் பக்கத்தில், தனக்கென்று விட்டுவைத்திருந்த இடத்தில் வெட்டினார்.

அதன் பிறகு வகுப்பில் பிரம்பு இல்லை. முதல் பாடமே, சாகக் கிடக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்பதுதான்.

சோலைராஜ் மட்டும் அவரோடு பேசவே இல்லை. 1993-இல் தவசிமுத்து இறந்தபோது, மனைவிக்குப் பக்கத்தில் இடமில்லாமல் கல்லறைத் தோட்டத்து வாசலோரம் புதைக்க வேண்டியதாயிற்று. யாரும் கூப்பிடாமலே வந்து அந்தக் குழியை வெட்டியவர் சோலைராஜ்.